அறிவியல் புனைவு கேம் எழுத வருகிறவர்களுக்கு: விளக்கத்தை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது

அறிவியல் புனைவு கேமுக்குக் கதையும் வசனமும் எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகையினர். ஒருவர் இயற்பியலை விரும்பிப் படித்தவர். தாம் படித்தது அத்தனையும் கேமுக்குள் இடம்பெற்றுவிட வேண்டும் என்று ஆசைப்படுவார். மற்றவர் கதையை விரும்பி வந்தவர். அறிவியல் பேசினால் ஆள் ஓடிவிடும் என்று பயந்து, ‘குவாண்டம்’ என்ற ஒரு சொல்லைப் போட்டு எல்லா ஓட்டைகளையும் மூடிவிடுவார். இருவருடைய எழுத்தும் ஒரே இடத்தில்தான் தோற்கிறது: விளையாடுபவர் பொத்தானைத் தட்டித் தட்டி வசனத்தைத் தாண்டிப் போகும் இடத்தில்.

அவர் அப்படித் தாண்டுவதற்குச் சோம்பல் காரணமில்லை. விளையாடுகிறவருடைய மனம் எப்போதும் ‘இப்போது நான் என்ன செய்ய வேண்டும்’ என்ற கேள்வியிலேயே இருக்கும். அந்தக் கேள்விக்கு உதவும் அறிவியலை அவர் வரி வரியாகப் படிப்பார். உதவாத அறிவியல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அவருக்கு அது தடை. ஆகவே, அடுத்த முடிவை எடுக்க எவ்வளவு அறிவியல் வேண்டுமோ அவ்வளவை மட்டும், அந்த முடிவுக்குச் சற்று முன்னால் கொடுங்கள்; மிச்சத்தை, ஆர்வமுள்ளவர் தாமாகத் தேடி வந்து எடுத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் வையுங்கள். இந்த ஒரு விதியை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க, ஒரு சின்ன எழுத்துவழி கேமை வைத்துக்கொள்வோம். செவ்வாய்க் கோளில் மண்ணுக்கடியில் ஒரு ஆய்வு நிலையம். பக்கத்துக் கூடத்தில் தீப்பிடித்ததால் தடுப்புக் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு பணியறையில் இரண்டு பேர் சிக்கிக்கொள்கிறார்கள். (புயல் வந்து கதவை உடைத்தது என்று எழுதக் கை துடிக்கும். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் அதன் தள்ளுவிசை குறைவுதான். ஆகையால் தீ.) இதை எழுத நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் என்ற இலவசக் கருவி போதும். அது உருவாக்கித் தரும் கேம் உலாவியிலேயே திறக்கும் என்பதால் தமிழ் எழுத்து உடையாமல் தெரியும்.

முதல் படி: பொய்யைத் தேர்ந்தெடுத்து, அதன் விளைவுகளை எழுதுதல்

ஒரு தாளில் இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைய அறிவியல் ஒப்புக்கொள்ளாத, ஆனால் உங்கள் கதைக்குக் கட்டாயம் வேண்டிய சங்கதி முதல் பட்டியலில் வரட்டும். அது ஒன்றோடு நின்றால் மிக நல்லது. மூன்றைத் தாண்டினால் நீங்கள் எழுதுவது மாயாஜாலக் கதை, அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அதற்கு வேறு வழிகாட்டி வேண்டும். இரண்டாவது பட்டியலில், அந்த ஒன்று உண்மையாக இருந்தால் உலகத்தில் வேறு என்னென்ன மாறும் என்று எழுதுங்கள். பெரும்பாலான புதியவர்கள் இந்த இரண்டாவது பட்டியலைப் போடுவதே இல்லை.

பயோவேர் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’ இந்த வகையில் கூர்ந்து பார்க்க வேண்டிய கேம். அதன் பெரும் பொய் ஒன்றுதான்: எலிமெண்ட் ஜீரோ என்ற கற்பனைப் பொருளில் மின்சாரம் பாய்ச்சினால், அதன் புலத்துக்குள் இருக்கும் பொருள்களின் நிறை கூடும் அல்லது குறையும். ஒளியை மிஞ்சிச் செல்லும் கப்பல், துப்பாக்கி, கவசம், சில மனிதர்கள் தொடாமலேயே பொருளைத் தூக்கி எறியும் ஆற்றல் ஆகிய எல்லாமே இந்த ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. ஒன்றை ஒப்புக்கொண்ட விளையாடுபவருக்கு மற்றவற்றைத் தனித்தனியாக விளக்க வேண்டிய பாடு எழுத்தாளருக்கு இல்லை. இந்தப் பொய் தொடாத இடங்களில் கேம் உண்மை இயற்பியலை மதிக்கவும் செய்கிறது. வெற்றிடத்தில் சூட்டைக் கடத்திச் செல்லக் காற்று இல்லை. கப்பலின் வெப்பம் கதிர்வீச்சாகத்தான் வெளியேற முடியும், அந்தக் கதிர்வீச்சே கப்பலை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் நார்மண்டி என்ற கப்பல் மறைந்து செல்லும்போது தன் வெப்பத்தைச் சில மணி நேரம் தனக்குள்ளேயே தேக்கி வைத்துக்கொள்கிறது.

அதே தொடர் எங்கே இடறியது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் பாகத்தில் துப்பாக்கிக்குக் குண்டு தீராது. விடாமல் சுட்டால் சூடேறி நின்றுவிடும், ஆறியதும் மறுபடி சுடும். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில், சூட்டை வாங்கிக்கொண்டு கழன்று விழும் கிளிப்புகள் அறிமுகமாயின. அவை தீர்ந்தால் சுட முடியாது. சண்டைக் காட்சிகளுக்கு அது விறுவிறுப்பைக் கூட்டியது உண்மை. ஆனால் ‘போன பாகத்தில் ஆறும் வரை காத்திருந்து சுட்டோமே, இப்போது ஏன் முடியாது’ என்று ரசிகர்கள் கேட்டபோது, கேம் கொடுத்த விளக்கம் பலருக்கு ஒட்டவில்லை. விளையாட்டின் வசதிக்காக விதியை மாற்றிவிட்டுப் பிறகு அறிவியலைத் தேடிப்பிடித்து ஒட்டினால் ஒட்டு தெரியும்.

நம் செவ்வாய் கேமுக்குப் பொய்யே தேவையில்லை. மனிதர் அங்கே குடியேறியிருக்கிறார்கள் என்ற ஊகம் போதும். முதல் முயற்சிக்கு இப்படிப்பட்ட கதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் எண்ணம். உண்மை விதிகளுக்குள் எழுதிப் பழகியவருக்குத்தான் பொய் விதியை எவ்வளவு இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்பது பிடிபடும்.

இரண்டாம் படி: சொல்வதற்கு முன் செய்ய வைத்தல்

புத்தகத்துக்கு இல்லாத ஒரு வசதி கேமுக்கு உண்டு. விளையாடுபவர் ஒரு விதியைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அதற்குப் பெயர் சூட்டினால் போதும்.

வால்வ் நிறுவனத்தின் ‘போர்ட்டல்’ (2007) இரண்டு துளைகளைச் சுவரில் உண்டாக்கும் கருவியைக் கையில் கொடுக்கிறது. ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவரலாம். உயரத்திலிருந்து தரையிலுள்ள துளைக்குள் விழுந்தால், விழுந்த வேகத்தோடேயே எதிர்ச் சுவரிலுள்ள துளையிலிருந்து பாய்ந்து வெளிவருகிறோம். விழுந்து பார்த்துப் பாய்ந்து பார்த்த பிறகு உந்தம் பற்றிய விளக்கத்துக்கு ஒரு வாக்கியமே அதிகம். உந்தத்துக்குத் திசையும் உண்டு என்பதால், திசை திரும்பியும் உந்தம் மாறவில்லை என்று சொல்வதை இயற்பியல் ஆசிரியர் ஒப்ப மாட்டார். கேமுக்கு அந்த வழக்கு தேவையில்லை. வேகம் அப்படியே இருக்கும் என்ற விதி எல்லா அறைகளிலும் மாறாமல் இருக்கிறது. அதை நம்பி விளையாடுபவர் திட்டம் போட முடிகிறது.

ராக்கெட் கட்டி விண்ணில் ஓட்டும் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கேம் இதைவிடக் கடினமான பாடத்தை இதே முறையில் நடத்துகிறது. ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டும் என்றால், புதியவர் எல்லோரும் செய்வது என்ஜினை முன்னோக்கி முடுக்குவது. முடுக்கினால் பாதை உயர்ந்து, சுற்றும் காலம் கூடி, இலக்கு இன்னும் தூரமாகிப் போகிறது. வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால்தான் சுற்று சீக்கிரம் முடிந்து முன்னால் போனதை எட்ட முடியும். இதைப் பாடப்புத்தகத்தில் சமன்பாட்டோடு படித்தவர்களுக்குக்கூட, கலம் நழுவிப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உறைக்கும். எரிச்சலோடு ‘ஏன் இப்படி ஆகிறது’ என்று விளையாடுபவர் கேட்கிற அந்த வினாடிதான் விளக்கத்துக்குச் சரியான நேரம். அதற்கு முன்னால் வைத்தால் வீண்.

நம் கேமில் இதை எப்படிச் செய்வது? மூடிய அறையில் முதலில் ஆளைச் சாய்ப்பது ஆக்சிஜன் குறைவு என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுதான் முந்திக்கொள்ளும். ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வெளிவிடுகிறார். இருவர் இருக்கும் 30 கன மீட்டர் அறையில், பூமியின் காற்றழுத்தம் இருப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் அது மூன்றரை சதவீதத்தை எட்டிவிடும்; தலைவலியும் மூச்சுவாங்கலும் தொடங்கும். இரண்டாம் நாள் முடிவதற்குள் அறிவு தடுமாறும். அப்போதும் அறையில் ஆக்சிஜன் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். இந்தக் கணக்கு எழுதுகிற உங்களுக்காக. திரையில் இதில் ஒரு எண்கூட வர வேண்டிய அவசியமில்லை. திரையில் வர வேண்டியது ஆக்சிஜன் மீட்டர் பச்சையாக இருக்கும்போதே கதாபாத்திரத்துக்குத் தலை வலிப்பது. மீட்டருக்கும் தலைவலிக்கும் இடையிலுள்ள முரணே விளையாடுபவருக்குள் கேள்வியை எழுப்பிவிடும்.

மூன்றாம் படி: வசனத்தில் பாடம் நடத்தாமல் இருத்தல்

புதியவர் எழுதிக் கொண்டுவரும் முதல் பிரதியில் இந்தக் காட்சி பெரும்பாலும் இப்படி இருக்கும். நிலையத்தின் மூத்த பொறியாளர் மலர், பயிற்சிக்கு வந்திருக்கும் கதிரிடம் சொல்கிறார்:

“கதிர், உனக்குத்தான் தெரியுமே, மனுஷன் ஒரு நாளைக்கு ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுறான். அதை இந்தப் பெட்டியில இருக்கிற லித்தியம் ஹைட்ராக்சைடு உறிஞ்சி லித்தியம் கார்பனேட்டாகவும் தண்ணியாகவும் மாத்துது. இது தீர்ந்துட்டா காத்துல கார்பன் டை ஆக்சைடு அளவு கூடி நமக்கு ஆபத்து.”

வேதியியல் பிழை எதுவும் இதில் இல்லை. ஆனால் ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று தொடங்குகிற எந்த வசனமும் கதிருக்காகச் சொல்லப்படுவதில்லை. அது விளையாடுபவரைப் பார்த்துப் பேசுவது, அவரும் அதைக் கண்டுகொள்வார். அதோடு, உயிர் போகும் நேரத்தில் யாரும் வினைவிளைபொருளைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். இதே காட்சியை இப்படி எழுதலாம்:

“அக்கா, ஆக்சிஜன் மீட்டர் நல்லாத்தானே காட்டுது? அப்புறம் ஏன் தலை இப்படி இடிக்குது?”

“ஆக்சிஜனுக்குக் குறைச்சல் இல்லடா. நாம விட்ட மூச்சுதான் போக இடமில்லாம நிக்குது. அந்தப் பெட்டியத் தொட்டுப் பாரு, சூடா இருக்கா?”

“இல்லக்கா. ஜில்லுனு இருக்கு.”

“அப்போ அது செத்துப் போச்சு.”

இங்கே விளையாடுபவருக்கு மூன்று செய்திகள் கிடைத்துவிட்டன: ஆபத்து எதனால், அதைத் தடுக்கும் பொருள் எது, அது வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது. லித்தியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும் என்ற வேதியியல் உண்மை, ‘தொட்டுப் பார்’ என்ற செயலாக மாறியிருக்கிறது. இனி எந்த அறையில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் விளையாடுபவர் தாமாகவே தொட்டுப் பார்ப்பார். ஒரு அறிவியல் செய்தியை எழுதியதும், ‘இதனால் விளையாடுபவருடைய கை என்ன செய்யும்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி வசனத்தில் இருக்க வேண்டியதில்லை.

அடுத்த தடையை வரலாறே எழுதிக் கொடுத்திருக்கிறது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்த பிறகு, மூன்று வீரர்களும் இருவருக்காக வடிவமைக்கப்பட்ட நிலவிறங்கு கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அங்கேயும் இதே கார்பன் டை ஆக்சைடு சிக்கல்தான் எழுந்தது. தாய்க் கலத்தில் மாற்றுப் பெட்டிகள் இருந்தன, ஆனால் அவை சதுரம். நிலவிறங்கு கலத்தின் பொருத்துமிடமோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஒரு இணைப்பை உருவாக்கும் வழியைப் பூமியிலிருந்த பொறியாளர்கள் வார்த்தையாலேயே சொல்லிக் கொடுத்தார்கள். இந்தச் சம்பவம் அரை நூற்றாண்டு கடந்தும் பேசப்படுவதற்கு வேதியியல் காரணமில்லை. சதுரத்தை வட்டத்துக்குள் செருக வேண்டும் என்ற சிக்கலைப் பள்ளிக்கூடம் போகாதவரும் நொடியில் புரிந்துகொள்வார். அறிவியலை எளிமையாக்குவது என்றால் சொற்களை மழுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். கைக்குப் பிடிபடுகிற வடிவத்தில் சிக்கலைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. நம் கேமிலும் உயிர்காப்பு உடையின் பெட்டியும் அறையின் பொருத்துமிடமும் வேறு வேறு வடிவமாக இருக்கட்டும்.

இன்னொரு விதியையும் இந்தக் காட்சியோடு சேர்க்கலாம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி செல்ல, இரு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஒரு வழிக்கு ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும். 14 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கேட்ட கேள்விக்குப் பதில் 28 நிமிடம் கழித்துத்தான் வரும். விளையாடுபவரின் ஒவ்வொரு தேர்வுக்கும் நான்கு நிமிடம் செலவாகும் என்று ட்வைனில் ஒரு எண்ணியை வைத்துவிட்டால், பூமியின் யோசனை ஏழு தேர்வுகள் கழித்து, சில சமயம் வேலை முடிந்துவிட்ட பிறகு, சில சமயம் எதிர்மாறான வேலையைச் செய்து முடித்த பிறகு வந்து நிற்கும். ஒளியின் வேகம் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். தாமதமாக வந்த நல்ல யோசனையைப் படிக்கும்போது வரும் ஆத்திரத்திலேயே அது புரிந்துவிடும்.

நான்காம் படி: ஆர்வமுள்ளவருக்கு ஒரு அலமாரி

மேலே வெட்டி எறிந்த வினைவிளைபொருளையும் சதவீதக் கணக்கையும் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அறிவியல் புனைவின் மிக விசுவாசமான ரசிகர்களும் அவர்களே; அவர்களைப் பட்டினி போடக் கூடாது. ‘மாஸ் எஃபெக்ட்’டில் இதற்காகக் கோடெக்ஸ் என்ற தகவல் தொகுப்பு இருக்கிறது. முதன்மைப் பதிவுகளுக்குக் குரல் உண்டு. துணைப் பதிவுகளை வாசித்துக்கொள்ள வேண்டும். அதைத் திறக்காமலேயே கேமை முழுக்க முடிக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. உங்களுடையதிலும் கோடெக்ஸைப் படிக்காதவர் தோற்றுவிடும்படி எதையும் வைக்காதீர்கள்.

ஆனால் கலைக்களஞ்சியக் கட்டுரையாகவும் அதை எழுத வேண்டாம். பதிவை யாராவது ஒரு மனிதர், ஏதாவது ஒரு காரணத்துக்காக எழுதியிருக்க வேண்டும். நம் நிலையத்தில், முந்தைய குழுவில் இருந்த ஒருவர் சுவரில் ஒட்டிவைத்த குறிப்பாக அது இருக்கலாம்:

“பெட்டி மாற்றுகிறவர் கவனத்துக்கு. உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் லித்தியம் ஹைட்ராக்சைடு. கையில் பட்டால் அரிக்கும், கையுறை போடவும். வேலை செய்யும்போது சூடாகத்தான் இருக்கும், பயந்து கழற்ற வேண்டாம். ஆறிப்போனால் தூள் தீர்ந்தது என்று பொருள், எடை பார்த்து ஏமாற வேண்டாம்: தீர்ந்த பெட்டி புதியதைவிடக் கனமாகத்தான் இருக்கும். போன முறை இதைப் படிக்காமல் மாற்றியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.”

தீர்ந்த பெட்டி ஏன் கனமாக இருக்கிறது என்று யோசிப்பவர், அது உறிஞ்சிய வாயுவின் நிறை என்ற முடிவுக்குத் தாமே வந்துவிடுவார். யோசிக்காதவருக்கும் நட்டமில்லை, கடைசி வரியில் ஒரு சிரிப்பாவது மிஞ்சும். ஒரு பதிவு கைபேசித் திரையில் உருட்டாமல் படிக்கும் அளவோடு நிற்கட்டும்.

ஐந்தாம் படி: எந்த உண்மையை விட்டுக்கொடுப்பது

எண்களிலும் அளவுகளிலும் விட்டுக்கொடுக்கலாம். காரண காரியத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது நான் பின்பற்றும் வரையறை. ‘கெர்பல்’ கேமின் சொந்தக் கோளான கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமியினுடையது 6,371. ஆனாலும் அதன் தரையில் ஈர்ப்பு பூமியைப் போலவே இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கோள் பூமியைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பாறைக்கோள் இருக்க வழியில்லை. வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் இதைச் செய்தார்கள். சிறிய கோள் என்பதால் சிறிய ராக்கெட்டே சுற்றுப்பாதையை எட்டிவிடுகிறது. பூமியை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணி நேரம் என்றால் இங்கே சுமார் அரை மணி நேரம் போதும். அளவில் இவ்வளவு பெரிய பொய் சொன்ன அதே கேம், வேகத்தைக் குறைத்தால் முன்னால் போனதை எட்டலாம் என்ற விதியில் இம்மியும் பொய் சொல்லவில்லை.

‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) வேறொரு வகையில் துணிந்தது. அதில் குவாண்டம் நிலா ஒன்று உண்டு. பார்க்காத நேரத்தில் அது இடம் மாறிவிடும். உண்மையான குவாண்டம் இயற்பியலில் ‘அளவீடு’ என்பது கண்ணால் பார்ப்பதைக் குறிப்பதில்லை, நிலா அளவுள்ள பொருள் அப்படித் தாவுவதும் இல்லை. ஆனால் ‘பார்த்துக்கொண்டிருந்தால் நகராது, அதன் புகைப்படத்தைப் பார்ப்பதும் பார்ப்பதே’ என்ற விதியைக் கேம் ஒருமுறை வகுத்த பிறகு எங்குமே மீறவில்லை. 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும் அந்த உலகில், விளையாடுபவர் அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லும் உடைமை தெரிந்துகொண்ட விதிகளே. விதியை மீறியிருந்தால் கேமே சரிந்திருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் ‘குவாண்டம்’ என்று போட்டு மூடுவதைக் குறை சொன்னேன்; இங்கே அதே சொல் குறையாகத் தெரியாததற்குக் காரணம், விளையாடுபவர் அதைச் சோதித்துப் பார்க்க முடிகிறது என்பதே.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்கலாமா என்ற பழைய வழக்கைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்கட்டும், போகட்டும். சத்தம் இல்லாததை விளையாட்டு விதியாக நீங்கள் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும், தொடக்கத்திலிருந்தே மௌனமாக வையுங்கள்.

ஆறாம் படி: விளக்கத்தை விதையாக ஊன்றுதல்

(2011இல் வந்த ‘போர்ட்டல் 2’ கேமின் முடிவு இந்தப் பத்தியில் வருகிறது. இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த படிக்குத் தாண்டிவிடலாம்.) கேமின் நடுவில், நிறுவனத்தின் தலைவருடைய பழைய ஒலிப்பதிவு ஒன்று கேட்கிறது. நிலாப் பாறையை வாங்கி அரைத்துக் கூழாக்கியதையும், அந்தத் தூள் நஞ்சு என்பதையும், ஆனால் துளை உண்டாக்க அருமையான பரப்பு அதுவே என்பதையும் அவர் தம் வழக்கமான அலட்டலோடு சொல்கிறார். கேட்பவர் சிரித்துவிட்டு, வெள்ளைப் பூச்சு அடித்த சுவரில் துளை போடலாம் என்ற பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்கிறார். இறுதிச் சண்டையில் கூரை உடைந்து வானில் நிலா தெரிகிறது. யாரும் எதுவும் சொல்லாமலே விளையாடுபவர் கருவியை நிலாவை நோக்கி நீட்டுகிறார். ஒரே விளக்கம் மூன்று வேலை செய்திருக்கிறது: நகைச்சுவையாக, விதியாக, முடிவுக்கான திறவுகோலாக.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய செய்முறை எளியது. உங்கள் கேமின் கடைசிப் புதிருக்கு எந்த அறிவியல் உண்மை வேண்டும் என்று பாருங்கள். அதை முதல் பாதியில், வேறு ஒரு காரணத்துக்காக, முடிந்தால் சிரிப்போடோ சண்டையோடோ சொல்லிவிடுங்கள். நம் கேமில், தீர்ந்த பெட்டி கனமாக இருக்கும் என்ற சுவர்க் குறிப்பு அப்படிப்பட்ட விதை. கடைசி அறையில் மின்சாரம் போய், இருட்டில், வெளிப்புறமெல்லாம் ஒரேபோல் குளிர்ந்து கிடக்கும் இரண்டு பெட்டிகளுக்கிடையே புதியது எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கட்டும். பயன்படுத்தாத பெட்டியும் குளிர்ந்துதான் இருக்கும் என்பதால் தொட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. குறிப்பை நினைவில் வைத்தவர் இரண்டையும் கையில் தூக்கிப் பார்ப்பார். நினைவில் இல்லாதவர் ஒன்றை மாட்டிப் பார்த்துச் சில நிமிடங்களை இழப்பார். கோடெக்ஸ் படிக்காதவர் தோற்கக் கூடாது என்று மேலே சொன்ன விதி இதனால் மீறப்படவில்லை.

ஏழாம் படி: இரண்டு பேரை உட்கார வைத்துப் பார்த்தல்

ஒருவர் பத்தாம் வகுப்போடு அறிவியலை மறந்தவராக இருக்க வேண்டும். மற்றவர் அந்தத் துறையில் படித்தவராகவோ வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும். இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேண்டாம், தெரிந்தவர் தெரியாதவருக்கு விளக்கத் தொடங்கிவிடுவார். அருகில் இருந்து பாருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். இது சொல்வதற்கு எளிது. எழுதியவருக்கு நாக்கு துருதுருக்கும்.

முதலாமவரிடம் ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு மரியாதைக்காகவேனும் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். ‘இப்போது என்ன செய்யப் போகிறீர்கள், ஏன்’ என்று காட்சிக்கு நடுவில் நிறுத்திக் கேளுங்கள். ‘பெட்டியை மாற்றணும், மூச்சு வெளியே போகலைன்னாங்களே’ என்று சொன்னால் விளக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. லித்தியம் என்ற பெயர் நினைவில் இல்லாவிட்டால் பரவாயில்லை. ‘ஏதோ ஒண்ணை அமுக்கிப் பார்க்கிறேன்’ என்றால் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு வரி குறைகிறது, அல்லது நாலு வரி அதிகமாக இருக்கிறது. எது என்று அறிய, அவர் எங்கே வேகமாகத் தட்டித் தாண்டினார் என்பதைக் குறித்து வைத்திருக்க வேண்டும். தாண்டிய இடத்தில் இருக்கும் அறிவியலில் பாதியை வெட்டிவிடுங்கள். மீதியை மீட்டர், நிறம், சத்தம், சூடு என்று ஏதாவது ஒரு புலனுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

துறையறிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ‘எங்கெங்கே தவறு இருக்கிறது’ என்று கேட்டால் அவர் பெரிய பட்டியலோடு வருவார், அதில் பாதி நீங்கள் தெரிந்தே செய்தவை. ‘எந்த இடத்தில் உங்களுக்கு விளையாடும் ஆர்வம் அறுந்தது’ என்று கேளுங்கள். கோளின் அளவையோ வாயுவின் சதவீதத்தையோ அவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். பொறியாளர் ஒருவர் கையுறை போடாமல் அந்தத் தூளை அள்ளினார் என்பதைப் பொறுக்க மாட்டார். தொழில் தெரிந்தவர் தொழில் தெரியாதவரைப்போல் நடந்துகொள்ளும் பிழைகளே கதையை உடனே பொய்யாக்கிவிடும், அவற்றைத் திருத்தச் செலவும் அதிகமில்லை.

திருத்திய பிறகு அதே முதலாமவரை மறுபடி அழைத்துப் பயனில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் புதிய வசனம் வேலை செய்கிறதா, அவருடைய பழைய நினைவு வேலை செய்கிறதா என்று பிரித்தறிய முடியாது. கேமைப் பற்றி இதுவரை எதுவுமே கேள்விப்படாத ஆட்களை, ஒவ்வொரு பிரதிக்கும் ஒருவராக, தொடக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கதையை முன்கூட்டியே சொல்லித் தீர்த்துவிடாதீர்கள்.